பைரேட்ஸ் அணியில் இடத்துக்கு ஒருவர்: என் தேர்வு

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களில் பலருக்கு ஞாபகம் வருவது பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில்தான். பெருமாளைச் சேவித்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே காரில் திரும்பிவிடுவார்கள். ஊருக்குள் வந்தால் அலிகெனி ஆற்றங்கரையில் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் மைதானம் இருக்கிறது. 1887இலிருந்து நேஷனல் லீகில் ஆடிவரும் அணி இது. அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டுக் கோப்பையான உலகத் தொடரை ஐந்து முறை வென்றிருக்கிறது: 1909, 1925, 1960, 1971, 1979.

இங்கே படிக்க வந்திருக்கும் என் தங்கை மகன் ஆறு மாதத்தில் இந்த ஆட்டத்தில் முழுதாக மூழ்கிவிட்டான். போன வாரம் கேட்டான்: "மாமா, இந்த டீமோட மொத்த ஹிஸ்டரியிலயும் ஒரு பொசிஷனுக்கு ஒருத்தர்னு எடுக்கச் சொன்னா யார் யாரை எடுப்பீங்க?" வாயால் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன் எனக்கு நானே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, பைரேட்ஸ் சட்டையில் ஆடிய ஆண்டுகள் மட்டுமே கணக்கு. வேறு அணிக்குப் போய்ச் செய்த சாதனையும் சேராது, அங்கே கிளம்பிய சர்ச்சையும் சேராது. இரண்டு, கேட்டது "இடத்துக்கு ஒருவர்" என்பதால், அந்த இடத்தில் நின்று அவர் என்ன காத்தார் என்பதைப் பேட்டிங்குக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் ரன் மட்டும் பார்த்து விக்கெட் கீப்பரை எடுக்க மாட்டோம் இல்லையா, அது போலத்தான்.

புதியவர்களுக்கு ஒரு வரி: இங்கே பேட்டிங் சராசரி என்பது ரன் கணக்கு அல்ல. பத்து முறை அடிக்க நின்றால் எத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் (ஓடிச் சேர வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்று) சேர்கிறார் என்பதுதான் அது. அப்படிச் சேர்க்கும் அடிதான் ஹிட். பத்துக்கு மூன்று, அதாவது .300 இருந்தாலே பெரிய ஆட்டக்காரர்.

வாதமே இல்லாத இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர். அந்த இடம் ஹோனஸ் வாக்னருக்கு. பைரேட்ஸுக்கு மட்டும் இல்லை, பேஸ்பால் வரலாறு முழுவதற்கும் இந்த இடத்தில் அவர்தான் என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன். பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே பிறந்தவர், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் மகன், சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். லூயிவில் அணி கலைந்தபோது அதன் முதலாளி பார்னி ட்ரைஃபஸ் தன் நல்ல ஆட்டக்காரர்களைக் கையோடு பிட்ஸ்பர்க்குக்குக் கூட்டிவந்தார். அப்படி 1900இல் வந்த வாக்னர் 1917 வரை ஆடினார். எட்டு முறை லீகிலேயே அதிக பேட்டிங் சராசரி அவருடையது. லூயிவில் ஆண்டுகளையும் சேர்த்தால் மொத்தம் 3,400க்கும் மேற்பட்ட ஹிட்கள், 700க்கும் மேற்பட்ட பேஸ் திருட்டுகள். (பந்து வீசும் பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத் திருட்டு என்கிறார்கள்.)

ஆளைப் பார்த்தால் ஓடுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அகன்ற மார்பு, வளைந்த கால், முழங்கால் வரை எட்டும் போலத் தோன்றும் கைகள். அந்தப் பெரிய கையால் பந்தைத் தரையோடு அள்ளி எறியும்போது பந்தோடு மண்ணும் கல்லும் சேர்ந்து பறந்து வரும் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1909 உலகத் தொடரில் எதிரே டெட்ராய்ட் அணி, அதில் டை காப். அந்தக் காலத்தின் இரண்டு மாபெரும் ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர். காப் .231 அடித்தார். முப்பத்தைந்து வயது வாக்னர் .333 அடித்து ஆறு பேஸ் திருடினார். கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு வந்தது.

அவர் படம் போட்ட சிகரெட் அட்டைக் கதை பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். புகையிலைக் கம்பெனி தன் பாக்கெட்டுக்குள் போட ஆட்டக்காரர்கள் படத்தை அச்சடித்தபோது வாக்னர் மறுத்துவிட்டார், அச்சு நின்றது. சிறுவர்கள் அதற்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம் என்று இங்கே பரம்பரையாகச் சொல்கிறார்கள். வெளியே போய்விட்ட சில அட்டைகளில் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போனது.

இந்த இடத்தில் ஆர்க்கி வாஹனை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். 1935இல் .385 அடித்தவர். வேறு எந்த அணியாக இருந்தாலும் அவர்தான் ஷார்ட்ஸ்டாப். இங்கே வாக்னருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பேஸில்தான் என் இரண்டாவது விதிக்கு முழு வேலை. பில் மாசரோஸ்கி. பேட்டிங் சராசரி .260தான். எண்களை மட்டும் பார்க்கிறவன் தாண்டிப் போய்விடுவான். ஆனால் இரண்டாம் பேஸ்காரனின் பெரிய வேலை டபுள் ப்ளே: ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது. ஷார்ட்ஸ்டாப் எறிந்த பந்தை வாங்க வேண்டும், பேஸை மிதிக்க வேண்டும், காலைக் குறிவைத்துச் சறுக்கி வருபவனைத் தவிர்த்தபடியே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். இதற்கெல்லாம் இருப்பது கண் சிமிட்டும் நேரம். மாசரோஸ்கியின் கையுறை சின்னது. பழைய படச்சுருளில் அவரைப் பாருங்கள்: பந்து கையுறைக்குள் போய்த் தங்குவதே தெரியாது, பட்ட மாத்திரத்தில் மறு கையிலிருந்து கிளம்பியிருக்கும். இப்படி 1,706 டபுள் ப்ளேக்கள். அந்த இடத்தில் ஆடிய வேறு யாரும் அதை எட்டவில்லை.

அத்தனை செய்தும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு அடிக்காக. 1960 உலகத் தொடர், எதிரே நியூயார்க் யாங்கீஸ். யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களின் கணக்கு 16-3, 10-0, 12-0. ஏழு ஆட்டங்களையும் கூட்டினால் அவர்கள் 55 ரன், பைரேட்ஸ் 27. ஆனால் நெருங்கிய ஆட்டம் எல்லாமே பைரேட்ஸ் பக்கம் விழுந்ததால் மூன்றுக்கு மூன்று என்று ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. அக்டோபர் 13, ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். எட்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் ஐந்து ரன் எடுத்து முன்னேற, ஒன்பதாவதில் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்தது. பைரேட்ஸின் முறை வந்ததும் முதல் ஆளாக அடிக்க நின்றவர் மாசரோஸ்கி. ரால்ஃப் டெர்ரி வீசிய இரண்டாவது பந்து, மைதானத்தின் இடதுபுற வெளிப்பகுதியான லெஃப்ட் ஃபீல்டின் சுவரைத் தாண்டியது. லெஃப்ட் ஃபீல்டில் நின்ற யோகி பெரா சுவர் வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஹோம் ரன்னில் முடிந்தது அன்று ஒரு முறைதான்.

ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் இப்போது இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தச் செங்கல் சுவரில் ஒரு பகுதியை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள், கொடி படர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 13ஆம் தேதியும் அந்தச் சுவரடியில் ஆட்கள் கூடுகிறார்கள். 1960 ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டு, பந்துக்குப் பந்து கேட்கிறார்கள். நான் முதன்முறை போனது ஒரு குளிர்ந்த மதியம். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு தாத்தா, மடியில் ஸ்கோர் எழுதும் தாள். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு ஒவ்வொரு பந்தாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் சமன் செய்தபோது நிஜமாகவே கவலைப்பட்டுத் தலையாட்டினார். எனக்கு பேஸ்பால் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

மூன்றாம் பேஸ், பை ட்ரேனர். வாழ்நாள் சராசரி .320, 1925 கோப்பை அணியின் தூண், வேறு அணிக்கே ஆடாதவர். இதற்கு மேல் இங்கே வாதம் தேவைப்படவில்லை.

முதல் பேஸ், வில்லி ஸ்டார்ஜெல். உண்மையில் அவர் அதிகம் ஆடியது லெஃப்ட் ஃபீல்டில். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகுதான் முதல் பேஸுக்கு வந்தார். அப்படியும் அங்கே அவரை வைப்பதற்கு 1979 போதும். முப்பத்தொன்பது வயதில் அந்த ஆண்டின் லீக் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார், லீக் இறுதிப் போட்டியிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர், உலகத் தொடரிலும் அவரே. ஏழாவது ஆட்டத்தில் அணியைத் தூக்கி நிறுத்திய ஹோம் ரன்னும் அவருடையது. மொத்தம் 475 ஹோம் ரன், எல்லாமே பைரேட்ஸுக்கு. நன்றாக ஆடிய சகாக்களுக்குத் தொப்பியில் தைத்துக்கொள்ளச் சின்னச் சின்னத் துணி நட்சத்திரங்கள் கொடுப்பார். பெரிய சம்பளம் வாங்கும் ஆட்கள் அந்த நட்சத்திரத்துக்காகப் போட்டி போட்டார்கள். புதிய மைதானத்தில் முதல் லீக் ஆட்டம் நடந்த 2001 ஏப்ரல் 9ஆம் தேதி விடியலில் அவர் இறந்தார். வாசலில் அவர் சிலையைத் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அந்தச் சிலையடியில் பூ வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

லெஃப்ட் ஃபீல்டுக்கு பாரி பாண்ட்ஸ். இந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பலருக்கு இன்னமும் முகம் மாறும். முதல் விதியை நினைவில் வையுங்கள்: 1986 முதல் 1992 வரை மட்டும். 1990இலும் 1992இலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர். 1990இல் 33 ஹோம் ரன், 52 திருட்டு. பந்து காக்கும் திறமைக்குத் தரும் தங்கக் கையுறை விருது மூன்று ஆண்டு தொடர்ந்து. ஊரின் கோபத்துக்குக் காரணம் 1992 அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில் நடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழையும்போது பைரேட்ஸ் 2-0 முன்னிலை, ஜெயித்தால் உலகத் தொடர். கடைசியில் லெஃப்ட் ஃபீல்டுக்கு ஒரு பந்து வந்தது. பாண்ட்ஸ் எடுத்து எறிந்தார். ஓடி வந்தவர் சிட் பிரீம், ஒரு காலத்தில் பைரேட்ஸின் சொந்த முதல் பேஸ்காரர், வேகமில்லாத மனிதர். எறிந்த பந்து ஒரு கை அகலம் விலகி வந்தது, பிரீம் சறுக்கிச் சேர்ந்தார், 3-2. அத்துடன் பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். பைரேட்ஸ் அடுத்த இருபது ஆண்டுகள் ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை.

பழையவர்கள் இங்கே ரால்ஃப் கைனர் என்பார்கள். ஏழு ஆண்டு வரிசையாக லீகில் ஹோம் ரன் முதலிடம் அல்லது அதைப் பகிர்ந்துகொண்டவர், வேறு யாரும் செய்யாதது. தோற்றுக்கொண்டே இருந்த அணிக்கு மக்கள் வந்ததே அவர் அடிப்பதைப் பார்க்கத்தான். அடித்தலை மட்டும் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். லெஃப்ட் ஃபீல்டைக் காப்பதில் பாண்ட்ஸுக்கு அருகில் அவர் வரமாட்டார்.

சென்டர் ஃபீல்டில் தங்கை மகனுக்கு என்மேல் கோபம் வரப்போகிறது. அவன் சட்டையில் இருப்பது ஆண்ட்ரூ மக்கட்சன் பெயர். எனக்கும் அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்த இருபதாண்டு வறட்சியை முடித்தவர், 2013இன் லீக் சிறந்த ஆட்டக்காரர். அக்டோபர் 1 அன்று சின்சினாட்டியோடு நடந்த ஒற்றை வாழ்வா சாவா ஆட்டத்துக்கு நான் மேல் வரிசையில் இருந்தேன். நாற்பதாயிரம் பேர், பெரும்பாலோர் கறுப்புச் சட்டை. எதிரணி பிட்சர் க்வேட்டோவின் பெயரை இழுத்து இழுத்து ஒரே குரலில் கூப்பிட்டோம். அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். நான் உட்கார்ந்திருந்த கான்கிரீட் அதிர்ந்தது.

இருந்தும் விதி விதிதான். இந்த இடம் மேக்ஸ் கேரிக்கு. பத்து முறை லீகில் அதிகத் திருட்டு. அவர் காலத்தில் சென்டர் ஃபீல்ட் பக்கம் உயர்ந்த பந்துகளில் அவர் ஓடிப் பிடிக்காதது குறைவு. 1925 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. எதிரே வாஷிங்டனின் வால்டர் ஜான்சன், அன்றைய மகா வேகக்காரர். விலா எலும்பு முறிந்த நிலையில் கேரி நான்கு ஹிட் அடித்தார். தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த பைரேட்ஸ் கோப்பையைத் தட்டிச் சென்றது.

பிட்சர்களைப் பொறுத்தவரை வெற்றி எண்ணிக்கை பார்த்தால் வில்பர் கூப்பர், 202. நான் பேப் ஆடம்ஸை எடுக்கிறேன். 1909இல் புதுமுகமாக வந்து உலகத் தொடரில் மூன்று ஆட்டம் வீசி மூன்றையும் வென்றார். 1914இல் ஒரே ஆட்டத்தில் இருபத்தொரு இன்னிங்ஸ் வீசினார், ஒருவரைக்கூட இலவசமாக பேஸுக்கு அனுப்பவில்லை. (தோற்றது அந்த ஆட்டம்.) இடையில் அணியைவிட்டுப் போய், திரும்பி வந்து, 1925 உலகத் தொடரிலும் நாற்பத்து மூன்று வயதில் ஒரு இன்னிங்ஸ் வீசினார். கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடிக்க ராய் ஃபேஸ்: 1959இல் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

அதே 1959இல் மே 26ஆம் தேதி ஹார்வி ஹாடிக்ஸ் மில்வாக்கியில் செய்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பன்னிரண்டு இன்னிங்ஸ், முப்பத்தாறு பேர், ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் அப்படி வீசினாலே வரலாறு. பைரேட்ஸ் அன்று பன்னிரண்டு ஹிட் அடித்தும் ஒரு ரன் எடுக்கவில்லை. பதின்மூன்றாவதில் ஒரு தவறான எறிதல், பிறகு ஒரு பெரிய அடி, 1-0 தோல்வி. இப்போது வீசும் பால் ஸ்கீன்ஸ் 2024இல் சிறந்த புதுமுகம், 2025இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பத்து வருஷம் இங்கேயே இருந்தால் இந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டிவரும். 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் பிட்சர்களாக ஒப்பந்தம் செய்ததும் இதே பைரேட்ஸ்தான். மேல்மட்ட அணிக்கு அவர்கள் வரவில்லை. அந்தக் கதை ஹாலிவுட் படமானபோது இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

கேட்சரையும் (அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ரைட் ஃபீல்டையும் கடைசிக்கு வைத்தேன். இரண்டையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் ஆடிய மிகச் சிறந்த கேட்சர் பைரேட்ஸ் சட்டையே போடவில்லை. ஜோஷ் கிப்ஸன் கறுப்பினத்தவர், அதனால் இந்த லீக் அவருக்கு மூடியிருந்தது. ஹோம்ஸ்டெட் க்ரேஸ் என்ற கறுப்பினத்தவர் அணிக்காக அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், பைரேட்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் ஆடினார். 1947 ஜனவரியில் முப்பத்தைந்து வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளினுக்கு ஆடி அந்தக் கதவு திறந்தது. 2024இல் கறுப்பினத்தவர் லீகுகளின் கணக்கை அதிகாரபூர்வமாகச் சேர்த்தபோது வரலாற்றிலேயே உயர்ந்த சராசரி கிப்ஸனுடையது என்றானது, .372.

என் விதிப்படி பைரேட்ஸ் கேட்சர் மேனி சாங்கியென், பனாமாக்காரர். கேட்சர் வேலை உட்கார்ந்து உட்கார்ந்து காலைத் தின்றுவிடும். இவர் அதிலும் வேகமாக ஓடினார், வீசிய பந்து எங்கே வந்தாலும் அடித்தார். பற்கள் தெரியச் சிரித்தபடியேதான் எல்லாம். 1971 செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர், இந்த லீகில் முதல்முறையாக. அன்று கேட்சர் சாங்கியென், ரைட் ஃபீல்டில் ராபர்ட்டோ கிளமென்ட்டே.

கிளமென்ட்டே போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்தவர். டாட்ஜர்ஸ் அணி அவரைத் தன் கிளை அணியில் வைத்திருக்க, பைரேட்ஸ் 4,000 டாலருக்கு எடுத்தது. 1955 முதல் பதினெட்டுப் பருவங்கள். நான்கு முறை அதிக சராசரி, பன்னிரண்டு தங்கக் கையுறை. மூலைக்கு ஓடி, பந்தை எடுத்து, திரும்பும்போதே எறிவார். மூன்றாம் பேஸுக்கு ஓட நினைத்தவன் பாதியில் நின்றுவிடுவான். ஆடிய பதினான்கு உலகத் தொடர் ஆட்டங்களிலும் ஹிட் அடித்திருக்கிறார். 3,000 ஹிட் தாண்டிய பால் வேனரும் இதே ரைட் ஃபீல்ட்தான். அவரை உட்காரவைக்க இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும்.

ஆரம்பத்தில் பத்திரிகைகள் கிளமென்ட்டேயின் ஆங்கிலத்தை உச்சரிப்போடு எழுதிக் கேலி செய்தன. அட்டைகளில் "பாப்" என்று பெயரை மாற்றிப் போட்டார்கள். அவர் ராபர்ட்டோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1971 உலகத் தொடரை .414 அடித்து வென்று கொடுத்த பின், அமெரிக்கா முழுக்கப் பார்க்கும் தொலைக்காட்சியில் முதலில் ஸ்பானிஷில் பேச அனுமதி கேட்டு, தாய் தகப்பனிடம் ஆசி வாங்கினார்.

1972 செப்டம்பர் 30 அன்று 3,000ஆவது ஹிட். லீக் ஆட்டங்களில் அதுவே கடைசி. டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. கிளமென்ட்டே நிவாரணம் திரட்டி அனுப்பினார். அனுப்பியது மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டதும், தானே போனால் கை வைக்க மாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். அளவுக்கு மீறிய பாரத்தோடு கிளம்பிய விமானம் சான் ஹுவான் கரையோரம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. இன்றைய மைதானத்தில் ரைட் ஃபீல்ட் சுவரின் உயரம் 21 அடி. அவர் சட்டை எண் 21.

சகாக்கள் எல்லோரும் நினைவுப் பிரார்த்தனைக்கு வந்து தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் மட்டும் வரவில்லை. சாங்கியென் முக்குளிப்பவர்களோடு கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

1973 ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கியபோது ரைட் ஃபீல்டில் யாராவது நிற்கத்தானே வேண்டும். சாங்கியெனை நிறுத்தினார்கள். கேட்சர் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே நின்று பார்த்தார். ஜூனில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்.